நான் விற்ற ஃப்ளைவீலைத் துரத்திப் போன சனிக்கிழமை

பழைய ரேஸ் கார் சாமான் விற்கிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மரக்காணத்தில் உப்பளத்துக்கு எதிரில் ஒரு தகரக் கொட்டகையைப் போட்டுக்கொண்டு, கோயம்புத்தூர்க்காரனும் பெங்களூர்க்காரனும் தேடி வந்து வாங்குகிற மாதிரி வியாபாரம் செய்தவன் நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் யாரும் இல்லை. எனக்குப் பின்னாலும் இதுவரை யாரும் வரவில்லை. உங்களில் ஒருவர் வந்தால் சந்தோஷம்.

படிப்பு அஞ்சாம் வகுப்பு. அதிலும் முழு ஆண்டுப் பரீட்சைக்குப் போகவில்லை. பதினோரு வயதில் உப்பு வாரப் போனேன். பதினாலு வயதில் பாத்திக்கு உப்புத்தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. அதைப் பிரித்துப் பூட்டி, பிரித்துப் பூட்டி, எனக்கு நானே கற்றுக்கொண்டேன். எவனும் சொல்லித் தரவில்லை. நான்கு பாத்தி தள்ளி ஓடுகிற எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு சரியாக உட்காரவில்லை என்று சொல்லிவிடுவேன். சுனாமி வந்து போனபோது கடல்தண்ணீர் குடித்துக் கிடந்த படகு எஞ்சின்களை மற்ற மெக்கானிக்குகள் "இது தேறாது" என்று கைவிட்டார்கள். நான் வரிசையாக ஓட வைத்துக் காட்டினேன். இன்றைக்கும் போய்க் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

இதையெல்லாம் ஏன் அளக்கிறேன் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. இப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டிருந்த நானே ஒரு தடவை அது சொன்னதைக் கேட்காமல் ஒரு சாமானை விற்றுவிட்டேன். அதனால் ஒரு மனிதனின் இரண்டு காலும் போயிருக்க வேண்டியது. போகவில்லை. போகாமல் தடுத்தவனும் நான்தான்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. பொம்மையார்பாளையத்து அருள் என்று ஒருவர் எனக்கு நான்கு வருஷப் பழக்கம். புதுச்சேரியில் வங்கி உத்தியோகம். வாரம் முழுக்க முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை பார்த்துவிட்டு ரேஸுக்குப் போய்விடுவார். அவரிடம் இருந்தது பின்சக்கரம் இழுக்கிற பழைய பெட்டி கார். அதில் ஏற்கெனவே இருந்த சின்ன எஞ்சினை எடுத்துவிட்டுப் பெரிய ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் பூட்டித் தரச் சொன்னார். பூட்டினேன். இந்தக் கடற்கரையில் அதைச் செய்ய வேறு ஆள் இல்லை.

பெரிய எஞ்சின் உள்ளே போனதும் சின்ன எஞ்சினுக்காக அவர் ஆசை ஆசையாகச் சேர்த்த சாமான் எல்லாம் வெளியே வந்தது. இரட்டை கார்புரேட்டர், ரேஸ் கேம்ஷாஃப்ட், சைலன்சர் குழாய்கள், பிறகு எடை குறைத்த ஃப்ளைவீல்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். எஞ்சினை மாற்றியவனுக்குப் பழைய சாமான் மேல் பாசம் போய்விடும். சீக்கிரம் கண்ணிலிருந்து மறைந்தால் போதும் என்று இருப்பான். வாங்க வருகிறவனுக்கோ அதுதான் புதுச் சாமான், அதன் மேல்தான் அவன் கனவு. இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். சாமான் வாயைத் திறந்து பேசாது. அதற்காகப் பேச வேண்டியவர் நீங்கள்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இரும்பு எதையும் கழற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா வைக்க மாட்டோம். காலையில் வைத்தால் சாயங்காலம் செம்பட்டை பிடித்துவிடும், அப்படிப்பட்ட காற்று. அதனால் மீன் எண்ணெயையும் வேஸ்ட் ஆயிலையும் கலந்து ஒரு டின்னில் வைத்திருப்போம். கழற்றிய உடனே அதைப் பூசிச் சாக்கில் சுற்றிவிடுவோம். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் துரு பிடிக்காது.

என் கடையில் அதற்கு முன்னால் இன்னொரு வேலையும் உண்டு. வார்ப்பிரும்புச் சாமானாக இருந்தால் கயிற்றில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுவேன். நல்ல இரும்பு மணி மாதிரி நீளமாகப் பாடும். உள்ளே கீறல் இருந்தால் பலகையைத் தட்டினது மாதிரி சத்தம் அங்கேயே செத்துப்போகும். முதலில் தட்டு, பிறகு எண்ணெய். அதுதான் என் முறை.

அருளின் ஃப்ளைவீலுக்கு அந்த முறை தப்பியது. நான் புது எஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடந்த நேரத்தில், உதவி செய்வதாக நினைத்து அவரே எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டார். அப்புறம் தட்டிக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து மகேஷ் வந்தான். முப்பது வயது, சொந்தமாக அச்சாபீஸ், அருளிடம் இருந்ததே மாதிரி பெட்டி காரை ரேஸில் ஓட்டுகிறவன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு மேற்கே இருக்கிற டிராக்கில் அவனுக்குப் பந்தயம். கூடவே அவனுடைய மெக்கானிக் தாமு. கைவேலை தெரிந்தவன்தான், ஆனால் வாய் அவனுக்கு முன்னால் நடந்து போகும்.

மகேஷ் ஒரு கார்புரேட்டரின் சாக்கைப் பிரித்தான். அலுமினியத்தின் மூலையில் வெள்ளையாகக் கொஞ்சம் பூத்திருந்தது.

"தோ பாருடா தாமு. உப்பு."

"மெரினால குளிக்கப் போயி மறந்துட்டு வந்த சாமானாட்டம் இருக்குது சார்," என்றான் தாமு. மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா மேஸ்திரி, கார் சாமான் விக்கிறியா, கருவாடு விக்கிறியா?"

எனக்குச் சுருக்கென்றது. சென்னையில் அப்போது எங்கள் சரக்குக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், உப்புக்காத்து சாமான் என்று. அதைச் சொல்லிச் சொல்லியே பாதி விலைக்குக் கேட்பார்கள். அந்தப் பெயரை அழிக்கத்தான் நான் ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"மத்ததெல்லாம் வாணாம் மேஸ்திரி," என்றான் மகேஷ். "ஃப்ளைவீல் மட்டும் காமிங்க. அது இரும்பு, ஒண்ணும் ஆயிருக்காது."

ஃப்ளைவீல் என்றால் எஞ்சினின் பின்பக்கம் பூட்டியிருக்கிற கனத்த சக்கரம். ரேஸுக்காக அதை லேத்தில் கடைந்து மெல்லிசாக்குவார்கள். எடை குறைந்தால் எஞ்சின் சட்டென்று எகிறும். இந்த மாதிரிப் பெட்டி காரில் அது எங்கே இருக்கிறது தெரியுமா? டிரைவரின் பாதத்துக்குப் பக்கத்தில். நடுவில் ஒரு வார்ப்பு மூடியும் ஒரு தகடும்தான். நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றில் அந்தச் சக்கரம் பிளந்தால் தகடு எல்லாம் அதற்குக் காகிதம்.

தொங்கவிட்டேன். தட்டினேன். தொப் என்றது.

"இன்னா மேஸ்திரி, மணி அடிக்கல?" என்றான் தாமு.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பெட்ரோல் ஊற்றிக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி தட்டியிருக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் எதிரில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். என் சாமானை நானே சந்தேகப்பட்டால் இன்னும் சிரிப்பார்கள். அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எண்ணெய் பூசியிருக்குதுப்பா. அப்படித்தான் கேக்கும்."

பணம் கொடுத்தான், சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வண்டி ஈசிஆர் ரோட்டில் ஏறுகிற வரைக்கும் என் காதுக்குள் அந்தத் தொப் என்ற சத்தம் இருந்தது. எண்ணெய்தான், எண்ணெய்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் சொன்னால் ஊரே நம்பும். அன்றைக்கு நானும் நம்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை அருள் தன் காரை எடுத்துப் போக வந்தார். பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரிக்க வேண்டும் என்று கண்ணாடியில் மாட்ட ஜெபமாலைகூடக் கொண்டுவந்திருந்தார். நான் அவரை நிற்க வைத்துப் பாடம் நடத்தினேன். புது எஞ்சின், ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வரைக்கும் அறுபதைத் தாண்டக் கூடாது. சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினார்.

அதே நேரம் கொட்டகையின் இன்னொரு மூலையில் உப்பளத்து இறைப்பு எஞ்சின் ஒன்று பிரித்துக் கிடந்தது. அதன் ஃப்ளைவீலுக்கும் அதே மீன் எண்ணெய்தான், விரல் கனத்துக்கு. செயின் பிளாக்கில் அதை மேலே தூக்கினேன். தூக்கும்போது பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த இரும்புக் கொக்கி போய் அதன் மேல் இடித்தது.

டங்ங்ங்ங் என்றது. நின்றபாடில்லை.

"சூப்பருங்க மேஸ்திரி," என்றார் அருள். "எங்க கோயில் மணிகூட இப்படி அடிக்காது."

செயினை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு எண்ணெய்க்கு அடியிலிருந்து இரும்பு பாடுகிறது. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை நான் கேட்டதற்கு எண்ணெய் காரணம் இல்லை.

"மேஸ்திரி? இன்னா ஆச்சிங்க?"

"அருளு, மகேஷுக்கு எத்தினி மணிக்கு ஓட்டம்?"

"ரேஸ் நாளைக்குங்க. இன்னிக்கு பன்னெண்டு மணிக்கு பிராக்டீஸ்."

சுவர்க் கடிகாரத்தில் பத்தாகப் பத்து நிமிஷம். கடை போனிலிருந்து மகேஷின் செல்லுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி அடித்தேன். அதே பொம்பளைக் குரல். ஓட்டுகிற உடுப்பைப் போட்டுக்கொண்ட பிறகு எவன் போனைக் கையில் வைத்திருப்பான்? தாமுவின் நம்பர் என்னிடம் இல்லை. டிராக்குக்கு யாரைக் கூப்பிடுவது என்று அருளுக்கும் தெரியவில்லை.

மேஜை டிராயரிலிருந்து மகேஷ் கொடுத்த பணத்தை அப்படியே எடுத்து மடியில் கட்டினேன். சுத்தியை எடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அருளின் காரில் ஏறினேன். மந்திரிக்காத கார்.

பெருமுக்கல் மலை வலது பக்கம் தெரிகிறது, வண்டி உருளுகிறது, உருளுகிறது, நகர்ந்தபாடாக இல்லை.

"தம்பி, எவ்ளோல போற?"

"அறுவது."

"ஏன் அறுவது?"

"நீங்கதானங்க சொன்னீங்க, ஆயிரம் கிலோமீட்டருக்கு அறுவதத் தாண்டக்கூடாதுன்னு."

"எவன் சொன்னது?"

"நீங்க! அரை மணி நேரம் முன்னாடி! சத்தியம் வேற வாங்கினீங்க!"

"அது அரை மணி நேரம் முன்னாடி. இப்ப மிதி."

"எஞ்சின் பிடிச்சிக்கிச்சின்னா? ரெண்டு வருஷமா சேத்து வெச்சதுங்க மேஸ்திரி."

"பிடிச்சிக்கிச்சின்னா வேற எஞ்சின் கட்டித் தர்றேன். அவன் கால் போச்சின்னா நான் எதைக் கட்டித் தருவேன்?"

அருள் சிலுவை போட்டுக்கொண்டு மிதித்தார்.

புது எஞ்சினை விரட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. அதை அந்த இரண்டு மணி நேரத்தில் நான் நடத்திக் காட்டினேன். ஒரே வேகத்தில் மிதித்துப் பிடித்தால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். அதனால், "மிதி... இப்ப விடு... எண்ணெய் மேல ஏறட்டும்... இப்ப மிதி," என்று பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டே போனேன். கண் ரோட்டில் இல்லை. காது பானெட்டுக்கு அடியில், ஒரு பார்வை சூடு காட்டுகிற முள்ளில். திண்டிவனம் தாண்டியதும் நூறு. மதுராந்தகத்துக்கு முன்னால் நாலு வழிச் சாலை வேலைக்காக ஒரு பக்கத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். லாரிகள் வரிசையாக நின்றன. அங்கே பதினைந்து நிமிஷம் போனது. அருள் ஸ்டியரிங்கைக் குத்தினார். நான் பானெட்டைத் திறந்து விட்டுக் காற்று வாங்க வைத்தேன். பிறகு மறுபடி நூறு, நூற்றுப் பத்து. முள் நடுவைத் தாண்டவே இல்லை. சொல்கிறேன் பாருங்கள், நான் பூட்டிய எஞ்சின் அது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஓடியது.

டிராக் கேட்டில் நாங்கள் நின்றபோது பன்னிரண்டாக ஏழு நிமிஷம். வாட்ச்மேன் என் அழுக்கு வேட்டியையும் கையிலிருந்த சுத்தியையும் பார்த்தான்.

"ஐயா, எங்க இப்படி?"

"உள்ளதான்."

"சுத்தியோடவா?"

அருள் தன்னுடைய ரேஸ் அட்டையைக் காட்டி, "என் மெக்கானிக்" என்றார். விட்டுவிட்டான். மெக்கானிக் என்று என்னைச் சுருக்கிவிட்டாரே என்று எனக்குள் ஓர் எரிச்சல். அந்த நேரத்திலும்.

கார்கள் வரிசையில் நின்று உறுமிக்கொண்டிருந்தன. மகேஷின் பெட்டி கார் நாலாவது. ஹெல்மெட் போட்டு, பெல்ட் இறுக்கி, ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மிதிக்கும் எஞ்சின் சட்டென்று எகிறியது. என் ஃப்ளைவீல் அருமையாக வேலை செய்தது. அதுதான் ஆபத்து. ஓடிப்போய் காருக்கு முன்னால் நின்றேன்.

தாமுதான் முதலில் பார்த்தான். "யோவ் மேஸ்திரி! உப்பு விக்க இங்கியும் வந்துட்டியா?"

"மகேஷு, எஞ்சினை ஆஃப் பண்ணு. ஃப்ளைவீல்ல கீறல் இருக்குது."

மகேஷ் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். "என்ன சொல்றீங்க?"

"கீறலா? நான்தான பூட்டினேன்," என்றான் தாமு. "இத்தினி தடவ ஸ்டார்ட் பண்ணிருக்கோம். ஒரு அதிர்ச்சி இல்ல, ஒண்ணுமில்ல. நீ இன்னா எக்ஸ்ரே எடுத்தியா?"

"சூடேறி ஆறாயிரம் சுத்தட்டும், அப்ப தெரியும். தெரியறப்ப உன் ஓனருக்கு கால் இருக்காது."

மகேஷின் முகம் மாறியது. ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. "மேஸ்திரி, உண்மையச் சொல்லுங்க. வேற எவனாவது கூட விலைக்குக் கேட்டானா?"

மடியிலிருந்த கட்டை அவிழ்த்து பானெட் மேல் வைத்தேன். "உன் காசு. சாமானையும் நீயே வெச்சிக்க. ஓட்டாத, அவ்ளோதான்."

"இந்த பிராக்டீஸ விட்டா நாளைக்கு நான் கடைசில நிக்கணும். கியர்பாக்ஸைக் கழட்டி மாட்டவே ரெண்டு மணி நேரம் ஆவும். நீங்க ஒரு வார்த்தை சொல்றீங்கன்னு..."

முன்னால் கொடி அசைந்தது. முதல் கார் நகர்ந்தது. இரண்டாவது நகர்ந்தது. அதிகாரி ஒருவர் விசில் ஊதிக்கொண்டு என்னை விலகச் சொல்லிக் கையை ஆட்டினார். பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன.

தம்பிகளே, அந்த இடத்தில் என் கையில் அத்தாட்சி ஏதும் இல்லை. இரும்பு அவன் காருக்குள் இருக்கிறது, சுத்தி என் கையில் இருக்கிறது. கத்தினால் பைத்தியக்காரன் என்பார்கள். கெஞ்சினால் ஏதோ சூழ்ச்சி என்பார்கள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை நான் என் ஆயுசில் அதுவரை வெளியே எடுத்ததில்லை.

"செவ்வாய்க்கிழமை தட்டினப்பவே சத்தம் சரியில்ல மகேஷு," என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "என் காதுல நல்லா விழுந்துச்சி. எண்ணெய்னு சொன்னது சும்மா. நீங்க சிரிச்சீங்க, எனக்கு ரோசம் வந்துடுச்சி. திரும்பத் தட்டிப் பாக்காம உன் தலையில கட்டிட்டேன். தப்பு என்னுது."

அருள் ஜன்னல் பக்கம் குனிந்தார். "சார், நாலு வருஷமா இவர்கிட்ட வர்றேன். மழை பேஞ்சாகூட இவர் சொல்லித்தான் பேஞ்சிச்சிம்பார். இவர் வாயில தப்புன்னு வந்துச்சின்னா தயவுசெஞ்சி இறங்கிடுங்க."

மகேஷ் என்னையே பார்த்தான். மூன்றாவது கார் நகர்ந்தது. சாவியைத் திருகினான். எஞ்சின் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காரை ஓரமாகத் தள்ளி, கூடாரத்துக்குள் கொண்டுபோய் ஸ்டாண்டில் ஏற்றினோம். அடியில் நானும் தாமுவும். வாய் எப்படியோ போகட்டும், அவன் கை வேகமான கை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். புரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸ், கிளட்ச் என்று வரிசையாக இறங்கின. ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ளைவீல் வெளியே வந்தது. அன்றைக்கு எனக்கு ஐம்பத்து மூன்று வயது.

பெட்ரோலில் கழுவினோம். ஒரு பிசுக்கு இல்லாமல் துடைத்தோம். பளபளவென்று இருந்தது. கூடாரக் கம்பியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். பக்கத்துக் கூடாரங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். கீறல் இல்லையென்றால் நான் ஒருவனின் பந்தயத்தைக் கெடுத்த கிறுக்கன். இருந்தால் கீறல் சாமானை விற்ற வியாபாரி. இரண்டில் எது என்று தெரியாமலே தட்டினேன்.

தொப்.

தாமு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கண்ணுக்கு ஒண்ணும் தெர்லயே மேஸ்திரி. வெறும் சத்தத்த வெச்சி இன்னான்னு சொல்றது?"

"மண்ணெண்ணெய் இருக்கா? மூஞ்சிக்குப் போடற பவுடர் யாருகிட்ட இருக்குது?"

"பவுடரா?" யாரோ சிரித்தார்கள். தாமுவே தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினான். வேர்க்குருவுக்கு வைத்திருந்தானாம்.

ஃப்ளைவீல் முழுக்க மண்ணெண்ணெய் தடவி ஐந்து நிமிஷம் ஊற விட்டேன். பனியன் வேஸ்ட் துணியால் ஒட்டத் துடைத்தேன். அதன் மேல் பவுடரைத் தூவி ஊதினேன். வெள்ளை வெளேரென்று ஆனது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, நடுவில் போல்ட் பூட்டுகிற ஓட்டை ஒன்றிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு கிளம்பியது. கீறலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் பவுடரில் ஊறி வெளியே வருகிறது. கோடு அடுத்த ஓட்டைக்குப் போய், அங்கிருந்து விளிம்பை நோக்கித் திரும்பியது. விளிம்பைத் தொட இரண்டு விரல் அகலம்தான் பாக்கி.

டிராக்கில் ஓடுகிற கார்களின் சத்தம் மட்டும் வந்து வந்து போனது.

மகேஷ் ஒரு டயர் மேல் உட்கார்ந்தான். வலது கால் ஷூவைக் கழற்றினான். சாக்ஸையும் கழற்றினான். பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சார், உள்ள போயிருந்தா..." என்று தாமு ஆரம்பித்தான். மகேஷ் கையை உயர்த்தினான். தாமு நிறுத்திவிட்டான்.

அந்தச் சக்கரத்தை அவ்வளவு மெல்லிசாகக் கடைந்தவன் எவன் என்று அங்கே இருந்தவர்கள் கேட்டார்கள். நான் பேச்சை வளர்க்கவில்லை. கடைந்தவன் எவனாக இருந்தாலும், அதைத் தட்டிப் பார்த்து விற்றவன் நான். உங்களுக்கும் அதுதான். வாங்குகிறவன் எதிரில் நிற்கும்போது உங்கள் சாமானை நீங்களே சந்தேகப்பட வெட்கப்படாதீர்கள். பத்து நிமிஷம் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய் நான் நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. எனக்காவது ஓட நேரம் கிடைத்தது.

பந்தயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கம்பெனியில் வந்த பழைய கனத்த ஃப்ளைவீல் அவர்கள் வேனிலேயே கிடந்தது. சாயங்காலத்துக்குள் அதைப் பூட்டினோம். பிராக்டீஸ் போய்விட்டதால் ஞாயிற்றுக்கிழமை மகேஷ் கடைசி வரிசையில்தான் நின்றான். கனத்த சக்கரம் மெதுவாக எகிறும், ஆனால் எகிறிய பிறகு சீக்கிரம் தளராது. அதனால் காலையில் அவனைக் கூப்பிட்டு, "வளைவுல கியரை மாத்தி மாத்தி விளையாடாத, மேல் கியர்லயே இழுத்துப் பிடி," என்று சொல்லிக் கொடுத்தேன். பதினாலு காரில் பதினாலாவதாகக் கிளம்பியவன் மூன்றாவதாக வந்தான். அந்த டிராக்கில் அதுவரைக்கும் அவனுக்குக் கிடைத்த நல்ல இடமே ஆறாவதுதான். ஓட்டியது அவன். சொல்லிக் கொடுத்தது நான்.

பந்தயம் முடிந்த பிறகு கூட்டம் என்னைத்தான் மொய்த்தது. ஒருவன் ஃப்ளைவீலோடு வந்தான், ஒருவன் கிளட்ச் தட்டோடு வந்தான், ஒருவன் சிலிண்டர் ஹெட்டையே தூக்கிக்கொண்டு வந்தான். "மேஸ்திரி, இதையும் கொஞ்சம் தட்டிப் பாருங்க." கூடாரக் கம்பியில் கயிற்றைக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். தட்டத் தட்ட ஒவ்வொன்றும் பாடியது. ஒன்று மட்டும் பாடவில்லை. அதன் சொந்தக்காரன் பவுடர் போடச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. என் சுத்தி சொன்னதே போதும் என்று அங்கேயே கழித்துப் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு என் கடை வாசலில் நின்று யாரும் உப்புக்காத்து சாமான் என்று சொன்னதில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மகேஷ் வந்தான். கையில் கோப்பை. வெறும் காலோடு சூடான தாரில் நடந்து வந்தான், ஏதோ அதில் ஒரு சுகம் இருக்கிற மாதிரி. பின்னால் தாமு.

"மேஸ்திரி, அருள் வண்டில கழட்டின மிச்ச சாமான் இருக்குதில்ல? கார்புரேட்டரு, கேம்ஷாஃப்ட்டு எல்லாம்?"

"இருக்குது."

"அத்தினியும் எனக்கு வேணும். வெலகூட நான் கேக்கல. எப்ப வந்து எடுத்துக்கட்டும்?"

பணம் கேட்டால் கொடுத்துவிடுவான். அன்றைக்கே ஓர் ஆளை அனுப்பிச் சாமானை ஏற்றியிருப்பான்.

"இப்ப சொல்ல முடியாதுப்பா," என்றேன். "போயி கழுவித் தட்டிப் பாத்துட்டு போன் பண்றேன்."